தரையைத் தள்ளுவதிலிருந்து தொடங்குங்கள்: விளையாட்டுக்குப் புதிதாக வருவோருக்கு இயக்க விதிகள்

ஓணத்தையொட்டிக் கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்து ஊர்களில் வடம்வலி எனப்படும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும்போது, புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் இழுப்பவர்களின் தோளையும் கையையும் கவனிக்கிறார்கள். பல ஆண்டுகள் வடம் பிடித்தவர்களோ குதிகாலைக் கவனிக்கிறார்கள். பதினைந்து வயதில் என்னை முதன்முதலாக வடத்தில் நிறுத்திய பெரியவர் ஒருவர், "கையில இழுக்காத கண்ணு, காலுல மண்ணைத் தள்ளு, வடம் தானா வரும்" என்றார். அவர் இயற்பியல் படித்தவர் அல்லர். இருந்தாலும், 1687இல் நியூட்டன் வெளியிட்ட மூன்று இயக்க விதிகளில் விளையாட்டுக்காரருக்கு மிகவும் பயன்படுகிற செய்தி அவருடைய அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது என்பதை, நான் ஆசிரியராகிப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாண்டுதலும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன்.

எவ்வளவு வலிமை உள்ளவராக இருந்தாலும், ஒருவர் தம் உடல் முழுவதையும் தாமே நகர்த்திவிட முடியாது. தசைகள் எலும்புகளை இழுக்கலாம், கைகால்கள் மடங்கி நிமிரலாம். ஆனால் உடல் முன்னோக்கியோ மேல்நோக்கியோ செல்வதற்கு வெளியிலிருந்து ஒரு விசை வந்தாக வேண்டும். ஓடுகிறவருக்கும் தாண்டுகிறவருக்கும் அதைத் தரை தருகிறது. நீந்துகிறவருக்குத் தண்ணீர் தருகிறது. நாம் தரையைப் பின்னோக்கித் தள்ளினால் தரை நம்மை அதே அளவு முன்னோக்கித் தள்ளும். எனவே, எந்த விளையாட்டாக இருந்தாலும் எதைத் தள்ளுகிறோம், எந்தத் திசையில் தள்ளுகிறோம், எவ்வளவு நேரம் தள்ளுகிறோம் என்ற மூன்று கேள்விகளிலிருந்துதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களையும், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் பயிற்சி தருகிற ஊர் இளைஞர்களையும் மனத்தில் வைத்து இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. அளவுநாடா ஒன்று, காணொளி எடுக்கக்கூடிய கைப்பேசி ஒன்று, முள் காட்டும் எடைக்கருவி ஒன்று, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், ஒரு முழம் ரிப்பன், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும்.

தொடங்குமுன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. நம் எல்லைப்பகுதிப் பிள்ளைகள் வகுப்பில் தமிழிலும், உபஜில்லா (கல்வி உபமாவட்ட) விளையாட்டு விழாவில் மலையாளத்திலும் பயிற்சிக் குறிப்புகளைக் கேட்கிறார்கள். தமிழில் விசை என்பது மலையாளப் பாடநூலில் பலம். நம் உந்தம் அங்கே ஆக்கம். நிலைமம் அங்கே ஜடத்வம். உராய்வு அங்கே கர்ஷணம். முடுக்கம் அங்கே த்வரணம். பயிற்சியாளர் ஒருவர், தரையில் காலூன்றும்போது தருகிற விசை குறைவு என்ற பொருளில் 'பலம் போரா' என்று சொன்னதை, தன் உடலில் வலு இல்லை என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு அழுத மாணவியை நான் பார்த்திருக்கிறேன். எனவே புதிய பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே இந்த ஐந்து சொற்களையும் இரு மொழியிலும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

முதற்படி: உங்களைத் தள்ளுவது எது என்று கண்ணால் பாருங்கள்

எடைக்கருவியைச் சமதளத்தில் வைத்து அதன்மேல் அசையாமல் நில்லுங்கள். முள் 50 கிலோகிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது முழங்காலைச் சட்டென்று மடக்கிக் கீழிறங்குங்கள். முள் முதலில் 50க்குக் கீழே இறங்கும். நீங்கள் தாழ்வான நிலையில் வந்து நிற்கிற கணத்தில் 50க்கு மேலே ஏறும். அங்கிருந்து வேகமாக எழுந்தால் மறுபடியும் மேலே ஏறிப் பிறகு குறையும். உங்கள் நிறையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. தரை உங்களை மேல்நோக்கித் தள்ளும் விசை மட்டுமே கூடியும் குறைந்தும் வந்தது. நான் இயக்க விதிகளைச் சொல்லத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகைக்கு முன் இந்தக் கருவியைத்தான் எடுக்கிறேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத எதிர்விசையைப் பிள்ளைகள் முதன்முறையாக முள்ளின் அசைவில் பார்த்துவிடுகிறார்கள். கருவியின்மேல் குதிக்க மட்டும் விடாதீர்கள். கருவி உடைவதோடு கணுக்காலும் பிசகும்.

இந்தச் சோதனையை முடித்த பிறகு, உங்கள் விளையாட்டின் ஒரு கணத்தை நோட்டில் குச்சி உருவமாக வரைந்து, அந்த உடலின்மேல் வெளியிலிருந்து செயல்படுகிற விசைகளை மட்டும் அம்புக்குறிகளாகப் போடுங்கள். ஓடுகிறவருக்கு நான்கு அம்புகள் போதும்: கீழ்நோக்கிய எடை, தரையின் மேல்நோக்கிய எதிர்விசை, பாதத்தில் செயல்படும் உராய்வு, எதிரே வரும் காற்றின் தடை. 'தசை விசை' என்று ஐந்தாவது அம்பு போடாத பிள்ளை பாதிப் பாடத்தைப் புரிந்துகொண்டுவிட்டது எனலாம்.

இரண்டாம் படி: வடத்தில் மூன்றாம் விதியைப் பழகுங்கள்

ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிரான விசை உண்டு என்று மூன்றாம் விதியைப் படித்த மாணவர்கள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள்: இரு அணியும் ஒன்றையொன்று சமமாகத்தான் இழுக்கின்றன என்றால், ஓர் அணி எப்படி வெல்கிறது? நல்ல கேள்வி, இதைக் கடந்து செல்லாதீர்கள். வடத்தின் நிறை, இழுக்கும் ஆட்களின் நிறையோடு ஒப்பிட மிகச் சிறிது. ஆகவே அதன் இரு முனைகளிலும் இழுவிசை ஏறத்தாழ ஒன்றேதான். வேறுபடுவது, ஒவ்வோர் அணிக்கும் அதன் காலடித் தரை தருகிற விசை. தரையை அதிகமாகத் தள்ளி, அந்தத் தள்ளலை வழுக்காமல் தாங்குகிற அணி வெல்கிறது. பளிங்குத் தரையில் காலுறையோடு நிற்கும் பலசாலியைச் செம்மண்ணில் குதிகாலை ஊன்றி நிற்கும் சிறுவன் இழுத்துவிடுவான்.

அடுத்து, சாய்வு. பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும் ஒருவரின் எடை அவரை மல்லாக்க விழச்செய்யப் பார்க்கிறது. வடத்தின் இழுப்பு அவரை முன்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கிறது. இரண்டும் சமமாகும்போது அவர் நிலையாக நிற்கிறார். இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோகிராம் நிறையுள்ளவரின் எடை சுமார் 588 நியூட்டன் (நியூட்டன் என்பது விசையின் அலகு). அவருடைய ஈர்ப்பு மையம், அதாவது உடலின் எடை முழுவதும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி, குதிகாலுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருந்து, அவர் வடத்தை 90 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால், அவரால் தாங்க முடிகிற இழுப்பு 588ஐ 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் கிடைக்கும் 196 நியூட்டன். அதே ஆள் இன்னும் சாய்ந்து ஈர்ப்பு மையத்தை 50 சென்டிமீட்டர் பின்னால் கொண்டுபோய், வடத்தை 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தினால் 490 நியூட்டனைத் தாங்குவார். உடல் அதே உடல். நிற்கும் முறையால் மட்டும் இரண்டரை மடங்கு கூடிவிட்டது. அத்தனை இழுப்பையும் குதிகாலுக்கும் மண்ணுக்கும் இடையிலான பிடிப்பே தாங்க வேண்டும் என்பதால், மழை பெய்து மேல்மண் குழைந்த நாளில் அதே அளவு சாய்ந்தால் கால் வழுக்கி ஆள் உட்கார்ந்துவிடுவார். முதலில் மண்ணைச் சோதித்து, பிறகு சாய்வை முடிவு செய்யுங்கள். வடத்தை உடலிலோ கையிலோ சுற்றிக்கொள்ள யாரையும் அனுமதிக்காதீர்கள். இழுவிசை திடீரென்று கூடும்போது விரல் துண்டாகும் அளவுக்குக் காயம் ஏற்படும்.

மூன்றாம் படி: ஓட்டத்தின் முதல் பத்துக் காலடி

ஓட்டத்தில் இரண்டாம் விதி நேரடியாகப் பேசுகிறது. விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு. உடலின் உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு, அதே அளவுதான் மாறும். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவி நின்ற நிலையிலிருந்து முதல் உந்தலில் நொடிக்கு 2 மீட்டர் வேகம் பெற வேண்டும் என்றால், அவருக்கு 100 அலகு உந்தம் வேண்டும். தரையை 0.4 நொடி தள்ளினால் சராசரியாக 250 நியூட்டன் கிடைமட்ட விசை போதும். அவசரப்பட்டுக் காலை 0.2 நொடியிலேயே எடுத்துவிட்டால் 500 நியூட்டன் வேண்டும். வெடிச்சத்தம் கேட்டவுடன் காலைப் படபடவென்று அடித்துக்கொள்கிற பிள்ளைகள் தொடக்கத்தில் பின்தங்குவதற்குக் காரணம் இதுதான். முதல் அடிகளில் பின்காலை முழுமையாக நீட்டித் தள்ளச் சொல்லுங்கள்.

திசையும் சரியாக இருக்க வேண்டும். முதல் பத்து அடிகளில் உடல் முன்சாய்ந்திருந்தால் கால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. உடனே நிமிர்ந்துவிட்டால் தள்ளலின் பெரும்பகுதி கீழ்நோக்கிப் போய்விடுகிறது. வேகம் கூடக்கூட உடல் சிறிது சிறிதாகத் தானே நிமிரும். முழு வேகத்தில் ஓடும்போது பாதம் தரையில் இருக்கும் நேரம் சுமார் 0.1 நொடிதான், அவ்வளவு குறுகிய நேரத்தில் உடலைத் தாங்கி மறுபடி மேலே எழுப்ப வேண்டியிருப்பதால், தரையின் எதிர்விசை உடல் எடையைப்போலப் பல மடங்காக உயர்கிறது. அத்தகைய விசையைத் தாங்கும் கணுக்காலும் கெண்டைக்காலும் ஒரே மாதத்தில் உருவாவதில்லை என்பதை நினைவில் வைத்து, புதியவர்களுக்கு முழு வேக ஓட்டங்களைக் கொஞ்சமாகவே கொடுங்கள்.

புதியவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் பிழை, எட்டு வைப்பதை, அதாவது ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் இடையிலான தூரத்தை, வலிந்து நீட்டுவது. என் பள்ளி நாள்களில் எனக்குப் பயிற்சி தந்தவர் ஒருவர், எட்டு நீளமானால் வேகம் கூடும் என்று சொல்லிக் காலை எட்டி எட்டி வைக்கச் செய்தார். என் நேரம் கூடியதோடு தொடையின் பின்தசையிலும் வலி வந்தது. அந்த ஆண்டு முழுவதும் எனக்கு வீணாயிற்று. உடலுக்கு வெகுதூரம் முன்னால் பாதம் ஊன்றினால் அது தரையை முன்னோக்கித் தள்ளுகிறது. தரை உங்களைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அதாவது, ஒவ்வோர் அடியிலும் நீங்களே பிரேக் பிடிக்கிறீர்கள். இதைக் கண்டறிய, ஓடுபாதையின் பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் கைப்பேசியை ஒரு கல்லின்மேல் அசையாமல் நிறுத்தி, மெதுவியக்கக் காணொளி எடுங்கள். பாதம் தரையைத் தொடுகிற சட்டகத்தில் (காணொளியின் ஒற்றைப் படத்தில்) நிறுத்தி, இடுப்பிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். பாதம் அக்கோட்டுக்குச் சற்று முன்னால் விழுவது இயல்பே. முழங்கால் விறைத்து, குதிகால் முந்திக்கொண்டு வெகுதூரம் முன்னால் விழுந்தால் திருத்த வேண்டும். "காலை நீட்டு" என்று சொல்வதற்குப் பதிலாக "காலை உன் அடியில் போட்டுப் பின்னால் தள்ளு" என்று சொல்லுங்கள்; நீளம் தானாக வரும்.

வளைவில் ஓடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் விதியின்படி, நகரும் உடல் நேர்கோட்டிலேயே போகப் பார்க்கும். வளைவில் அதை உள்நோக்கித் திருப்புவது பாதத்தின் உராய்வு. 400 மீட்டர் தடத்தில் வளைவின் ஆரம் பொதுவாக 36.5 மீட்டர். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் அதில் சுமார் 10 பாகை உள்நோக்கிச் சாய வேண்டும். நம் பள்ளி மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டு அமைக்கும் 200 மீட்டர் தடத்தின் ஆரம் 18 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுவதால், அதே வேகத்துக்குச் சாய்வு சுமார் 20 பாகை ஆகிறது. உராய்வும் இருமடங்கு தேவைப்படுகிறது. சிறிய மைதானத்தில் வளைவில் முழு வேகம் ஓடவைத்தால் கணுக்காலில் வலி வருவதும் மண்ணில் வழுக்குவதும் இதனால்தான். வேகப் பயிற்சியை நேர்த்தடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குத் தனியாக, குறைந்த வேகத்தில், உள்தோளைச் சற்றுத் தாழ்த்திப் பழக்குங்கள்.

நான்காம் படி: கணவாய்க் காற்றைக் கணக்கில் எடுங்கள்

வேறு ஊர்க்காரர்கள் இந்தப் படியை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகலாம். நாம் அப்படிப் போக முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் கூடுதலான அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், தென்மேற்குப் பருவத்தில் மேற்கேயிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்தும் காற்றை நம் மைதானங்கள் வழியாக அனுப்புகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதும், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை நம் பாட்டிமார்கள் அனுபவித்துச் சொல்வதும் இந்தக் காற்றால்தான்.

காற்றின் தடை, காற்றுக்கும் உடலுக்கும் இடையிலான ஒப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்து மாறுகிறது. காற்றில்லாத நாளில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவருக்கு உள்ள தடையை 100 என்று கொள்வோம். நொடிக்கு 2 மீட்டர் எதிர்க்காற்று அடித்தால் ஒப்பு வேகம் 12 ஆகித் தடை 144 ஆகிறது. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் ஒப்பு வேகம் 8 ஆகித் தடை 64க்கு இறங்குகிறது. எதிர்க்காற்றில் கூடுவது 44, பின்காற்றில் குறைவது 36 என்பதைக் கவனியுங்கள். இதனால், இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுத்தாலும் அது காற்றில்லாத நாளின் நேரத்துக்கு முழுமையாகச் சமமாகிவிடாது. இருந்தாலும், ஒரே திசையில் ஓடி மகிழ்ந்துபோவதைவிட அது நம்பகமானது.

இதனால்தான் 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் போன்றவற்றில் பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் சாதனையாகப் பதிவு செய்வதில்லை. உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 நொடியில் ஓடியபோது பின்காற்று 0.9தான். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. 2022 ஏப்ரலில் தேஞ்ஞிப்பலத்தில் உள்ள கோழிக்கோடு பல்கலைக்கழக மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில், தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பாலக்காட்டைச் சேர்ந்த முரளி ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டி இரண்டாவதாக வந்தார். ஆனால் ஜெஸ்வின் தாண்டியபோது பின்காற்று 4.1, ஸ்ரீசங்கருக்கு 1.5. ஆகவே பதக்கம் ஜெஸ்வினுக்கும் தேசியச் சாதனை ஸ்ரீசங்கருக்கும் போயின. மறு ஆண்டு ஜெஸ்வின் 8.42 மீட்டர் தாண்டிச் சாதனையையும் தம்முடையதாக்கிக்கொண்டார். இரு மாநிலத்துப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் நிற்கும்போது நான் இந்தக் கதையை மறக்காமல் சொல்வதுண்டு.

காற்றுமானி இல்லாத நிலையில், தடத்தின் நடுவே இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலாக ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டுங்கள். முகத்தில் காற்று படுவது தெரிந்து, இலைகள் சலசலத்தால், காற்று ஏறத்தாழ நொடிக்கு 2 மீட்டர் அளவில் இருக்கிறது. பனையோலைகள் ஓயாமல் படபடத்து ரிப்பன் நீட்டிக்கொண்டு நின்றால், அன்று எடுக்கும் நேரத்தை வைத்து யாரையும் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். நோட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் காற்றின் திசையையும் எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: எழும்புவதும் இறங்குவதும்

வாலிபாலில் வலைக்கு மேலே எழும்ப விரும்புகிறவர் முதலில் தம் எழுச்சியை அளக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து மேலே குதிப்பதைக் காணொளி எடுத்து, கால்விரல் தரையை விட்ட சட்டகத்துக்கும் மீண்டும் தொட்ட சட்டகத்துக்கும் இடையிலுள்ள நேரத்தைக் கணக்கிடுங்கள். நொடிக்கு 120 சட்டகம் எடுக்கும் கைப்பேசியில் 60 சட்டகம் கடந்திருந்தால் நேரம் 0.5 நொடி. அந்நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, பிறகு 1.225ஆல் பெருக்கினால் எழுச்சி மீட்டரில் கிடைக்கும்: 0.5 நொடிக்கு 31 சென்டிமீட்டர், 0.6 நொடிக்கு 44 சென்டிமீட்டர். முழங்காலை மடக்கிக்கொண்டே இறங்கினால் நேரம் பொய்யாக நீளும். எழும்பியபோது இருந்ததுபோல் கால் நீண்ட நிலையில் விரல்நுனியால் தரையைத் தொட்டு, அதன் பிறகே மடக்க வேண்டும். கைகளைக் கட்டிக்கொண்டு ஒருமுறையும், வீசிக்கொண்டு ஒருமுறையும் குதித்து ஒப்பிடுங்கள். கைகளை மேலே வீசும்போது கால்கள் தரையை இன்னும் அதிகமாகத் தள்ளுகின்றன. வித்தியாசம் எண்ணிலேயே தெரியும்.

நீளம் தாண்டுதலில் 45 பாகையில் எழுந்தால்தான் அதிகத் தூரம் போகலாம் என்று பாடத்தை மனப்பாடம் செய்த மாணவர்கள் வாதிடுவார்கள். எறிபொருளுக்குக் கொடுக்கும் வேகம் எந்தக் கோணத்திலும் ஒன்றாகவே இருந்தால் அது சரி. ஆனால் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறவர் 45 பாகையில் எழ வேண்டும் என்றால் மேல்நோக்கியும் அதே 9 மீட்டர் வேகம் வேண்டும். அவ்வளவு வேகம் இருந்தால் உடல் 4 மீட்டர் உயரத்துக்கு மேல் போய்விடும், அது மனிதரால் ஆகாது. தாண்டுவதற்கு உந்தி எழும் பலகையில் பாதம் நிற்கும் நொடியின் சிறு பின்னத்தில் பெறக்கூடிய மேல்வேகத்துக்கு எல்லை உண்டு. ஆகையால் உலகத் தரத் தாண்டுவீரர்களும் சுமார் 20 பாகையில்தான் எழுகிறார்கள். புதியவர் உயரத்துக்காக ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. ஓட்ட வேகத்தைக் கெடுக்காமல் எழும்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பாதம் தரையை விட்ட பிறகு, காற்றுத் தடையை விட்டால், உடலின்மேல் புவியீர்ப்பு ஒன்றுதான் மிச்சம். ஈர்ப்பு மையம் செல்லும் பாதை அப்போதே முடிவாகிவிட்டது. ஆகாயத்தில் நடப்பதுபோல் கால்களை அசைப்பது உடல் முன்னோக்கிக் கவிழாமல் தடுத்து, கால்களை நீட்டி இறங்க உதவுகிறது. பாதையை அது நீட்டுவதில்லை. உயரம் தாண்டுதலில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி மல்லாந்து வளைந்து 2.24 மீட்டரைத் தாண்டியதும் இதே அறிவின் பயன்தான்: உடல் வில்லாக வளையும்போது, ஒவ்வோர் உறுப்பும் கம்பிக்கு மேலே கடந்துபோக, ஈர்ப்பு மையம் கம்பிக்குக் கீழாகவும் போக முடியும்.

இறங்குவதை யாரும் பயிற்சியாக நினைப்பதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறவர் கால்களை விறைத்துக்கொண்டு 5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், தரை அவரைச் சராசரியாக உடல் எடையைப்போல் 11 மடங்கு விசையோடு தாக்குகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் மடக்கி 25 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் அது 3 மடங்காகக் குறைகிறது. ஆகவே சிமெண்டுத் தரையில் குதிக்கவிடாதீர்கள். தாண்டுகுழியின் மணலை ஒவ்வொரு நாளும் மண்வெட்டியால் கிளறிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே தொடர்ந்து வலி இருப்பதாகச் சொல்கிற வளரும் பிள்ளையைத் தாண்டுதலிலிருந்து நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஆறாம் படி: எறிவது, பிடிப்பது, மடக்குவது

கிரிக்கெட் பந்தின் நிறை ஏறத்தாழ 160 கிராம். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் பந்தைக் கை அசையாமல் 0.02 நொடியில் நிறுத்தினால் உள்ளங்கையில் 240 நியூட்டன் விழும். கையைப் பந்தோடு பின்னுக்கு இழுத்து 0.1 நொடியில் நிறுத்தினால் 48 நியூட்டன்தான். இறங்குவதற்குச் சொன்ன அதே பாடம்தான் இது; நேரத்தை நீட்டினால் விசை குறைகிறது. எறிவதற்கு நேர்மாறான தேவை: விசையைக் குறைக்காமல் நேரத்தையும் தூரத்தையும் நீட்ட வேண்டும். குண்டு எறிகிறவர் வட்டத்தின் பின்முனையிலிருந்து நகர்ந்து வருவதும், காலில் தொடங்கி இடுப்பு, தோள், கை என்று வரிசையாகத் தள்ளுவதும் இதற்காகவே. குண்டு தோள் உயரத்திலிருந்து கிளம்புவதாலும், செங்குத்தாகத் தள்ளத் தள்ளக் கையின் வேகம் குறைவதாலும், 45 பாகைக்கும் குறைவான கோணமே அதற்கு ஏற்றது. ஈட்டியில் காற்றின் பங்கும் பெரிது: 1984இல் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்த பிறகு, 1986இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை முன்னுக்கு நகர்த்தி, அது சீக்கிரம் மூக்குக் குத்தி இறங்கும்படி விதியை மாற்றினார்கள். எனவே பழைய தூரங்களை இன்றைய தூரங்களோடு ஒப்பிடக் கூடாது.

கபடியில், 70 கிலோகிராம் நிறையுள்ள பாடுகிறவர் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நடுக்கோட்டை நோக்கித் திரும்பினால், அவரை அரை நொடியில் நிறுத்த 560 நியூட்டன் வேண்டும். ஒருவர் நேருக்கு நேர் மார்பைக் கொடுப்பதைவிட, ஒருவர் கணுக்காலைப் பிடிக்க மற்றவர் இடுப்பைத் தழுவுவது நல்லது. ஈர்ப்பு மையத்துக்கு வெகு கீழே பிடிப்பு விழுந்தால் உடல் தன் நிலைமத்தாலேயே முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். பிடிக்கிறவர் இடுப்பைத் தாழ்த்தி, பாதங்களை அகட்டி நின்றால், மோதலில் தாம் சாயமாட்டார்.

நோட்டுப் புத்தகத்தை எப்படி நிரப்புவது

ஒரு வாரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். முதல் வாரம் தொடக்கச் சாய்வை மாற்றினால், எட்டு நீளத்தையோ காலணியையோ அதே வாரத்தில் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் நேரம் குறைந்தது என்று சொல்ல முடியாது. 30 மீட்டர் ஓட்டத்தை, நடுவே போதிய ஓய்வு விட்டு, மூன்று முறை ஓடவிட்டு மூன்று நேரங்களையும் எழுதுங்கள். சிறந்ததை மட்டும் எழுதுவது தவறு. தேதி, மணி, காற்று, மண்ணின் ஈரம், மாணவரின் எடை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பத்தி விடுங்கள். வளரும் வயதில் ஒரே ஆண்டில் எடையும் கால் நீளமும் மாறிவிடுவதால், சென்ற ஆனியில் பொருந்திய ஓட்டத் தூரமும் பலகைக் குறியும் இந்த ஆனியில் பொருந்தாமல் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றைப் புதிதாக அளந்து குறியுங்கள். அளக்கும்போது நோட்டை மாணவரின் கையிலேயே கொடுத்து, எண்ணை அவரையே எழுதவிடுங்கள்.